நோயா, உப்பா? வழும்பு மாதிரியை நுண்ணோக்கிக்கு ஆயத்தம் செய்தல்

நெற்பயிரின் இலை நுனி கருகத் தொடங்கியதும் குடியானவர் முதலிற் கேட்கும் கேள்வி, எந்த மருந்தை அடிக்கலாம் என்பதே. இலை கருகியதற்குக் காரணம் யாது என்னும் கேள்வி அதற்கு முன்னர்க் கேட்கப்பட வேண்டியதாயினும், பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. மருந்துக் கடையிற் கிடைப்பதை வாங்கித் தெளித்துப் பயன் காணாதபொழுதுதான் காரணத்தைப் பற்றிய எண்ணம் எழுகிறது. அதற்குள் பணமும் பருவமும் கடந்துவிடுகின்றன. குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்தாற்போன்ற இவ்வழக்கத்தை மாற்றுவதற்குப் பெரிய சோதனைச்சாலை எதுவும் வேண்டுவதில்லை. ஒரு கூரிய பிளேடும், இரண்டு கண்ணாடித் தகடுகளும், ஒரு சாதாரண நுண்ணோக்கியும், இவற்றைக் கையாளத் தெரிந்த ஒருவரும் கிராமத்தில் இருந்தாற் போதும். இவற்றுள் கடினமானது நுண்ணோக்கியின் வழியே பார்ப்பதன்று. பார்க்கத்தக்க முறையில் மாதிரியை ஆயத்தம் செய்வதேயாம்.

ஒரே அடையாளம், இரு காரணங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்துக் கல்குளம் தாலுகாவில், வள்ளியாறு அரபிக்கடலோடு கலக்குமிடத்தை அடுத்துள்ளது கடியப்பட்டணம். கரையோரத்தில் மீன்பிடித் தொழிலும், அதற்கு உட்புறத்தில் தெங்கும், ஆற்றை அடுத்த தாழ்ந்த பூமியில் நெல்லுமாக அமைந்தது இக்கடற்புரம். ஆற்று முகத்தை அடுத்த நிலங்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. மேலிருந்து வரும் நன்னீர் குறையும் காலத்தில் கடல்நீர் கழிமுகத்தின் வழியே மேலேறுவது இயற்கை. 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை இம்மாவட்டக் கடற்கரையிற் புகுந்த விதமும், 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல் பயிர்களையும் மரங்களையும் சாய்த்த விதமும் இப்பகுதியார் எவரும் மறக்கக்கூடியவையல்ல. அலையோடு உப்பு நிலத்திற்கு வருகிறது. பெருங்காற்றோடு உப்புத் திவலைகளும் வருகின்றன, இலைகளிற் காயங்களும் உண்டாகின்றன.

இக்காயங்களே பாக்டீரியா இலைக்கருகல் நோய்க்கு வாயில்களாகின்றன. இந்நோயின் கிருமி இலையின் காயங்கள் வழியாகவும், இலை ஓரங்களில் இயற்கையாக அமைந்துள்ள நீர்த்துளைகள் வழியாகவும் உட்புகுந்து, வேரிலிருந்து இலைக்கு நீரைக் கொண்டுசெல்லும் நரம்புக் குழாய்களிற் பெருகுகிறது. ஆகையால் கருகல் பெரும்பாலும் இலையின் நுனியிலும் ஓரங்களிலும் தொடங்கிக் கீழ்நோக்கிப் பரவுகிறது. நிலத்திலுள்ள உப்பும் அதே குழாய்களின் வழியாகவே மேலேறுகிறது. நீர் ஆவியாகும் நுனியிலும் ஓரத்திலும் தங்கி அவ்விடத்தைத் தீய்க்கிறது. கிருமியும் உப்பும் ஒரே வழியிற் பயணம் செய்து ஒரே இடத்தில் தீங்கு விளைவிப்பதால், வரப்பில் நின்று பார்க்கும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுவதில் வியப்பில்லை. சாம்பற்சத்துக் குறைந்த நிலத்திலும் இலையோரம் காய்வதுண்டு.

தோற்றம் ஒன்றாயினும் பரிகாரம் ஒன்றன்று, ஒன்றுக்கொன்று முரணானது. உப்பு காரணமாயின், நன்னீரை ஏராளமாகப் பாய்ச்சி, நிலத்தில் நிறுத்தி, வடித்து, மீண்டும் பாய்ச்சி உப்பைக் கழுவி வெளியேற்றுதல் வேண்டும். இலைக்கருகல் நோயாயின், தேங்கிய நீரை வடித்தலும், நோயுற்ற வயலின் நீர் அடுத்த வயலிற் புகாதவாறு தடுத்தலும், தழைச்சத்து உரத்தை நிறுத்தலும் வேண்டும். நோயுற்ற வயலை உப்பென்று எண்ணி நீர் பாய்ச்சி வடிப்பவர் தம் வயலின் கிருமியை மடை வழியே கீழ்வயல்காரர் அனைவருக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறார். உப்புற்ற வயலை நோயென்று எண்ணி நீரை வடித்து வெயிலிற் காயவிடுபவரோ, வேரைச் சுற்றிய உப்பை மேலும் கடுமையாக்குகிறார். இருவரும் செலவு செய்தே தீங்கைப் பெருக்கிக்கொள்கின்றனர்.

ஜப்பானியர் கண்ட துளி

இத்தகைய மயக்கம் இக்கரைக்கு மட்டும் உரியதன்று. இலைக்கருகல் நோய் முதன்முதலாக 1884-இல் ஜப்பானின் புக்குவோக்கா பகுதியில் உழவர்களால் கவனிக்கப்பட்டது. மண்ணின் புளிப்பே அதற்குக் காரணமென்று அந்நாளிற் கருதப்பட்டது. பின்னர், நோயுற்ற இலைகளின்மீது காலையில் நிற்கும் பனித்துளிகள் தெளிவாக இராமற் கலங்கியிருத்தலைக் கண்டு, அத்துளியை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தபொழுது, அதில் பாக்டீரியாக்கள் திரள்திரளாக இருத்தல் தெரியவந்தது. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கிருமி தனியே பிரித்தெடுக்கப்பட்டது. 1922-இல் இஷியாமா என்னும் அறிஞர் அதற்குப் பெயரிட்டார். இந்தியாவில் இந்நோய் 1951-இல் மகாராஷ்டிரப் பகுதியிற் காணப்பட்டு, 1963-இல் பீகாரில் கொள்ளைநோயாகப் பரவியது. உரத்தை மிகுதியாக ஏற்கும் குட்டை ரகங்கள் பரவியபின் பல மாகாணங்களிலும் அது வேரூன்றியது.

மண்ணின்மேல் சுமத்தப்பட்ட பழி, ஒரு துளியைச் சரிவரப் பார்த்ததனால் நீங்கிற்று என்பதே இவ்வரலாறு தரும் பாடம். மண்ணில் மெய்யாகவே உப்பேறக்கூடிய கடியப்பட்டணம் போன்ற ஊர்களுக்கு இப்பாடம் இன்னும் நேராகப் பொருந்தும். ஏனெனில், இங்கே மண்ணும் குற்றவாளியாயிருக்கலாம், கிருமியும் குற்றவாளியாயிருக்கலாம். விசாரணையின்றித் தீர்ப்புச் சொல்லுதல் தகாது.

வழும்பு என்பது யாது?

கலங்கிய துளியில் உள்ளது வெறும் கிருமிக் கூட்டமன்று. பாக்டீரியாக்கள் தம்மைச் சுற்றிப் பிசின் போன்றதொரு பொருளைச் சுரந்து, அதனுள் ஒன்றோடொன்று ஒட்டி, ஏதேனும் ஒரு பரப்பைப் பற்றிக்கொண்டு வாழ்கின்றன. குளத்துப் படிக்கட்டில் காலை வழுக்கும் படிவு, தண்ணீர்த் தொட்டியின் உட்புறத்து வழுவழுப்பு, சொட்டுநீர்க் குழாயின் துளையை அடைக்கும் சளி, பல்லின்மேற் படியும் ஊத்தை ஆகியவை பலவும் இவ்வகையினவே. இதனை இக்காலத்து அறிஞர் உயிர்ப்படலம் என்பர். வழும்பு என்னும் பழஞ்சொல்லே குடியானவர்க்கு எளிதில் விளங்கும். இலைக்கருகற் கிருமியின் இனத்தைச் சேர்ந்ததும் முட்டைக்கோசைத் தாக்குவதுமான மற்றொரு பாக்டீரியா சுரக்கும் பிசினையே சாந்தன் கோந்து என்ற பெயரில் ஆலைகளில் உற்பத்தி செய்து, உணவுப் பண்டங்களைக் கெட்டியாக்குவதற்குப் பயன்படுத்துகின்றனர் என்றால், இப்பிசினின் ஒட்டுந்தன்மை எத்தகையது என்பது புலப்படும். நெல்லிலையின் நரம்புக் குழாயை இப்பிசின் அடைத்துக்கொள்வதனாலேயே நீரோட்டம் தடைப்பட்டு இலை காய்கிறது.

வழும்புக்குள் வாழும் கிருமியை மருந்து எளிதில் அணுகாது. இவ்வுண்மை மிகப் பழையது. ஹாலந்து தேசத்து லேவன்ஹூக் என்பவர் 1683-இல் தம் பல்லின் ஊத்தையைத் தாம் செய்த பெருக்குக் கண்ணாடியிற் பார்த்து அதில் நெளியும் சிற்றுயிர்களைக் கண்டார். காடியால் வாயைக் கொப்பளித்தபின் மேற்புறத்து உயிர்கள் மட்டுமே மாண்டு, ஊத்தையின் உட்புறத்தில் உள்ளவை பிழைத்திருந்ததையும் குறித்துவைத்தார். பாக்டீரியாக்கள் தனித்து நீந்தித் திரிவதைக் காட்டிலும் இவ்வாறு ஒட்டி வாழ்வதே பெருவழக்கு என்பதை 1978-இல் கனடா தேசத்து வில்லியம் காஸ்டர்டன் முதலியோர் வற்புறுத்தியபின், உலகெங்கும் இதைப்பற்றிய ஆராய்ச்சி பெருகியது. இலையின் மேல் தெளிக்கும் மருந்து குழாய்க்குள் பிசினால் மூடப்பட்டிருக்கும் கிருமியை அழித்துவிடும் என்று நம்பிப் பணத்தை இறைப்போர், லேவன்ஹூக்கின் பல்லை நினைவிற் கொள்ளுதல் நலம்.

மாதிரி எடுக்கும் முறை

விவசாய அலுவலகங்களுக்குக் கொண்டுவரப்படும் மாதிரிகள் சில சமயங்களில் எந்நிலையில் வருகின்றன என்பதை அலுவலர்கள் நன்கறிவர். இரண்டு நாட்களுக்குமுன் பிடுங்கிய பயிர், ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் திணிக்கப்பட்டு, வெயிலில் வெந்து, நாற்றமெடுத்து வந்து சேர்கிறது. அதனை நுண்ணோக்கியில் வைத்தால் பாக்டீரியா தெரியாமலிராது. ஆனால் அது பயிரைக் கெடுத்த கிருமியன்று, பைக்குள் அழுகலிற் பிறந்த கிருமி. அம்மாதிரியைக் கொண்டு சொல்லப்படும் விடை, விடையே இல்லாதிருப்பதைவிடக் கேடானது. ஆகவே பின்வரும் விதிகளைக் கைக்கொள்ளுதல் வேண்டும்.

முதலாவது, மாதிரியைக் காலை வேளையில், எவ்வித மருந்தும் தெளிப்பதற்கு முன் எடுத்தல் வேண்டும். முன்னரே தெளித்திருப்பின், என்ன மருந்து, எந்நாள் என்பதைக் குறித்தல் அவசியம்.

இரண்டாவது, முற்றும் காய்ந்து வைக்கோல் நிறமடைந்த நுனி பயன்படாது. அங்கே கிருமி ஒழுக்கு நின்றிருக்கும். பச்சையும் மஞ்சளும் சந்திக்கும் எல்லையுள்ள இலையே வேண்டும். வயலில் ஐந்திடங்களிலிருந்தேனும் அத்தகைய இலைகளை எடுத்து, அதே வயலிலிருந்து நோயற்ற இலை ஒன்றையும் தனியே எடுத்துக்கொள்ளுதல் வேண்டும். நோயற்ற இலையை ஒப்பிடாமற் செய்யும் சோதனை, படிக்கல் இல்லாத தராசு.

மூன்றாவது, இலைகளின் மேல்நீரை மெல்ல ஒற்றியெடுத்து, உலர்ந்த செய்தித்தாளின் மடிப்புக்குள் வைத்துக் காகித உறையிலிட்டு, அன்றைக்கே சோதித்தல் வேண்டும். தவிர்க்க இயலாத தாமதமாயின் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் ஓரிரவு வைக்கலாம். உறைபனி அறையில் வைத்தல் கூடாது.

நான்காவது, உறையின்மேல் பென்சிலால் சர்வே எண், நெல் ரகம், கன்னிப்பூவா கும்பப்பூவா என்பது, நட்ட நாள், இட்ட உரம், நீர் வரும் வழி, கருகல் வயல் முழுவதும் பரவியுள்ளதா அல்லது திட்டுத்திட்டாக உள்ளதா என்னும் விவரங்களை எழுதுதல் வேண்டும். மை ஈரத்தில் அழியும், பென்சில் அழியாது. உப்பினால் வந்த சேதம் பெரும்பாலும் தாழ்வான இடங்களில் திட்டுகளாகவும், பயிர் குட்டையாகவும் காணப்படும் என்பதால் இவ்விவரம் பிற்பாடு மிகவும் உதவும்.

கண்ணாடித் தகட்டில் ஏற்றுதல்

ஸ்லைடு என்னும் கண்ணாடித் தகட்டைச் சவர்க்கார நீரிற் கழுவி, சாராயத்தில் நனைத்த துணியால் துடைத்து, விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து எடுத்தல் வேண்டும். விரலின் எண்ணெய்ப்பசை நீர்த்துளியைப் பரவவொட்டாது. கொதித்து ஆறிய தெளிந்த நீரில் ஒரு துளியைத் தகட்டின் நடுவில் வைக்க வேண்டும். வாய்க்கால் நீரும் குளத்து நீரும் இதற்கு ஆகா. அவற்றிலேயே ஆயிரம் கிருமிகள் உண்டு.

முதலில் நோயற்ற இலையிலும், பின்னரே நோயுற்ற இலையிலும் பிளேடை வைக்க வேண்டும். வரிசை மாறினால் நோயுற்ற இலையின் கிருமி பிளேடோடு நோயற்ற இலைக்குத் தாவி ஒப்பீட்டைக் கெடுத்துவிடும். பச்சையும் மஞ்சளும் சந்திக்கும் எல்லையில், சுமார் 5 மில்லிமீட்டர் நீளமுள்ள துண்டை ஒரே வெட்டில், நசுக்காமல் வெட்டி, நீர்த்துளியில் இட்டு, மெல்லிய மூடுகண்ணாடியை ஒருபுறம் சாய்த்துப் பிடித்து மெல்ல இறக்க வேண்டும். நேரே போட்டால் காற்றுக் குமிழ்கள் அகப்பட்டுக் கண்ணை ஏமாற்றும். மூடுகண்ணாடியின்மேல் அழுத்தினாலோ இலையின் பச்சையமும் சாறும் பிதுங்கி வந்து, கிருமி ஒழுக்கு என்று தவறாகக் கொள்ளப்படும்.

உடனே 100 மடங்கு பெருக்கத்தில் பார்க்க வேண்டும். கீழிருந்து வரும் வெளிச்சத்தை மிகக் குறைத்துக்கொள்ளுதல் இன்றியமையாதது. ஒளி மிகுந்தால் நிறமற்ற கிருமிகள் கண்ணுக்குத் தெரியா. இலைக்கருகல் நோயாயின், வெட்டுவாயிலுள்ள நரம்புகளின் முனையிலிருந்து, அடுப்புப் புகை கூரையின் வழியே எழுவதுபோல் மங்கிய ஒழுக்கு சில நிமிடங்களுக்குள் நீரிற் பரவும். ஒரு கிருமியின் நீளம் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கே ஆதலால், தனித்தனிக் கிருமியை இப்பெருக்கத்திற் பிரித்தறிதல் அரிது. ஒழுக்கின் தோற்றமே அடையாளம். நோயற்ற இலையில் அவ்வொழுக்கு இராது. உப்பாற் கருகிய இலையிலும் இராது. ஓரிலையில் ஒழுக்கு இல்லையென்று முடிவு கட்டலாகாது. ஐந்து இலைகளையும் பார்த்தபின்னரே சொல்ல வேண்டும்.

சாயமேற்றுதலும் அதன் குறையும்

கிருமியின் வடிவத்தைக் காண விரும்புவோர் ஒழுக்கின் ஒரு துளியை மெல்லியதாகத் தகட்டில் தடவி, நிழலில் உலர்த்தி, சுடரின் மேலாக மூன்று முறை விரைந்து காட்டி, ஊதாச் சாயம் ஏற்றிப் பார்ப்பர். பள்ளிகளிலும் சோதனைச்சாலைகளிலும் நெடுநாளாகக் கற்பிக்கப்படும் முறை இது. இதில் கிருமி தெரியும், வழும்பு தெரியாது. வழும்பின் பெரும்பகுதி நீரேயாகையால், உலர்த்தும்போதும் சுடும்போதும் அது சுருங்கி மறைந்துவிடுகிறது. கூட்டைக் கலைத்துவிட்டுத் தேனீயை மட்டும் காட்டுவதற்கு இதனை ஒப்பிடலாம்.

வழும்பையும் காண வேண்டுமாயின் சூடு காட்டாமல், துளியோடு மிக நுண்ணிய கரி மையைக் கலந்து பார்த்தல் நன்று. மையின் துகள் பிசினுக்குள் நுழையாது. ஆதலால் கறுத்த பின்னணியில் கிருமியைச் சுற்றி வெண்ணிற வட்டம் விளங்கும். எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு மாதிரி அனுப்புகையில் குளுட்டரால்டிஹைடு என்னும் திரவத்தில் இறுக்கி, சாராயத்தின் வலிமையைப் படிப்படியாகக் கூட்டி நீரை நீக்கி, தனிக் கருவியில் உலர்த்தி, மெல்லிய பொன்பூச்சு இடுவர். அத்துணைப் பொருட்செலவில் எடுத்த படத்திலும் வழும்பு சுருங்கிய நூல்களாகவே காணப்படுவதுண்டு. கருவி எத்துணை உயர்ந்ததாயினும், ஆயத்தம் செய்த முறைக்கு மேற்பட்ட உண்மையை அது காட்டாது.

மண்ணிற் புதைத்த கண்ணாடி

வழும்பனைத்தும் பகையன்று. வேரைச் சுற்றி வாழ்ந்து தழைச்சத்தைச் சேர்க்கும் அசோஸ்பைரில்லம் முதலிய நுண்ணுயிர்களும் வேரின்மேல் ஒட்டிப் படலமாகவே வாழ்கின்றன. மண்ணில் வாழும் இக்கூட்டங்களைக் கலைக்காமற் காண்பதற்கு இத்தாலியரான ரோஸியும், கீவ் நகரத்து ஹோலோத்னியும் 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எளியதொரு வழியைக் கண்டனர். மண்ணிற் கத்தியால் ஒரு பிளவு செய்து, தூய கண்ணாடித் தகட்டை அதிற் செருகி, ஒரு பக்கத்தில் மண் நன்கு ஒட்டுமாறு அழுத்திவிட வேண்டும். ஒன்று முதல் மூன்று வாரங்கள் கழித்து, ஒட்டிய பக்கம் உராயாதவாறு சாய்த்தெடுத்து, மறுபக்கத்தைத் துடைத்து, பெரிய மண்கட்டிகளை மெல்லத் தட்டி நீக்கி, உலர்த்திச் சாயமேற்றினால், மண்துகள்களைப் பற்றிய பாக்டீரியாக் கூட்டங்களும் பூஞ்சை இழைகளும் இருந்தது இருந்தபடியே தெரியும். அமெரிக்காவில் ஹென்ரிசி என்பவர் 1933-இல் இதுபோலவே தகட்டை நன்னீரில் அமிழ்த்தி நீர்வாழ் பாக்டீரியாக்களைக் கண்டார். உயர்நிலைப்பள்ளி மாணவரும் செய்யத்தக்க இச்சோதனையை, உப்பேறிய வயலிலும் நல்ல வயலிலும் ஒருங்கே செய்து ஒப்பிட்டுப் பார்த்தல் மண்ணின் உயிர்நிலையை அறிய உதவும்.

ஆட்சேபங்களும் விடைகளும்

இச்சோதனைக்கு நுண்ணோக்கியே வேண்டாம், வெட்டிய இலையைக் கண்ணாடிக் குவளை நீரில் நிறுத்தினால் போதும் என்பார் உளர். அக்கூற்றில் உண்மை உண்டு. நோய் முற்றிய இலையிலிருந்து கலங்கிய ஒழுக்கு நீரில் இறங்குவதை வெறுங்கண்ணாலும் காணலாம். நுண்ணோக்கி இல்லாதவர் அதனைச் செய்யாதிருத்தல் தகாது. ஆயினும் நோயின் தொடக்கத்தில் ஒழுக்கு மெலிந்திருக்கும்பொழுது குவளை ஐயத்தையே தரும். பரிகாரம் பலிக்கக்கூடிய காலமோ அத்தொடக்கக் காலமே.

நுண்ணோக்கி கிருமியின் பெயரைச் சொல்லாது என்பது இரண்டாவது ஆட்சேபம். இதுவும் மெய்யே. நெல்லின் பாக்டீரியா இலைக்கீற்று நோயிலும் ஒழுக்கு உண்டு. நரம்புகளுக்கிடையே ஓடும் மெல்லிய கோடுகளைக் கொண்டு அதனை வேறுபிரித்தல் வேண்டும். தென்னையின் கேரள வாடல் நோய்க்குக் காரணமான பைட்டோபிளாஸ்மாவை இச்சோதனையாற் காணவே இயலாது. அதற்கு எலக்ட்ரான் நுண்ணோக்கியோ மரபணுச் சோதனையோ வேண்டும். ஒழுக்கு இருப்பதனால் உப்பு இல்லையென்றும் ஆகாது. இரண்டும் ஒரே வயலிற் கூடுவதுண்டு. ஆகையால் இலைச் சோதனையோடு நிலத்தின் உப்பளவையும் மின்கடத்துதிறன் கருவியால் அளத்தல் வேண்டும். மண்சாற்றின் அளவு மீட்டருக்கு 3 டெசிசீமென்ஸைக் கடந்தால் நெல்லின் மகசூல் குறையத் தொடங்கும் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. இவ்விரு சோதனைகளும் சேர்ந்து ஐயத்தை நீக்குகின்றன. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்வதில்லை.

செலவு மூன்றாவது ஆட்சேபம். கடலோரக் கிராமங்கள் பலவற்றுக்கு ஒரு நுண்ணோக்கி பொதுவாக இருந்தாற் போதும். மேல்நிலைப்பள்ளிகளின் உயிரியல் அறையில் உள்ள நுண்ணோக்கி விடுமுறை நாட்களில் உறங்கிக் கிடப்பதை ஊரார் பயன்படுத்திக்கொள்ள ஏற்பாடு செய்யலாம். மனு பிரகாஷ் என்னும் இந்திய அறிஞரும் அவருடன் பணியாற்றியோரும் அமெரிக்காவில் அமைத்து 2014-இல் வெளியிட்ட காகித நுண்ணோக்கி, ஒரு டாலருக்கும் குறைந்த பொருட்செலவில் செய்யத்தக்கது. 140 மடங்கு பெருக்கிக் காட்டவல்லது. கண் தெரியாமற் பயனற்ற மருந்துக்கு ஒரு பூவிற் செலவிடும் தொகையோடு இச்செலவை வைத்துப் பார்த்தால், எது மிகை என்பது தானே விளங்கும்.

செய்ய வேண்டுவன

நிலமுடையோர் செய்ய வேண்டுவது, இலை கருகினால் மருந்துக் கடைக்குப் போகுமுன் மாதிரியை எடுத்தலாகும். மக்களின் நோய்க்கு வேண்டிய கிருமிக்கொல்லிகளை ஐயத்தின்பேரில் வயலில் தெளித்தல், பயிருக்கு உதவாததோடு, அம்மருந்துகளுக்கு அடங்காத கிருமிகளை ஊரிற் பெருக்கும் என்பதை மறத்தலாகாது. நோய் உறுதியானால், தழைச்சத்தை நிறுத்தி, நீரை வடித்து, மடையை அடைத்து, அடுத்த பூவுக்கு நோய் தாங்கும் ரகத்தைத் தேடுதலே நிலையான வழி. ஹைதராபாத் நகரத்து நெல் ஆராய்ச்சி நிலையமும் உயிரணு ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து, மூன்று எதிர்ப்பு மரபணுக்களைச் சம்பா மசூரியில் ஏற்றி 2008-இல் வெளிவந்த ரகம் இவ்வழியின் பலனுக்குச் சான்று. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு எந்த ரகம் ஏற்றது என்பதைத் திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையத்தாரிடம் கேட்டறிதல் முறை.

கிராம அதிகாரிகளின் பொறுப்பு இதனினும் பெரிது. சேதக் கணக்கில் நோய் என்றோ உப்பு என்றோ எழுதப்படும் ஒரு சொல், பின்னால் வரும் நிவாரணத்துக்கும் வாய்க்கால் வேலைக்கும் அடிப்படையாகிறது. உப்பு நீர் ஏறுவதே காரணமாயிருக்க, நோய் என்று பல ஆண்டுகள் எழுதிவந்தால், கழிமுகத்தில் உப்பைத் தடுக்கும் வேலைக்கு ஆதாரமே இல்லாமற் போகும். நோயே காரணமாயிருக்க, உப்பு என்று எழுதினால், கிருமி ஏலா முழுவதும் பரவும்வரை எவரும் விழித்துக்கொள்ளார். ஆகவே சர்வே எண்ணுக்கு நேராக, ஐந்து இலைகளின் ஒழுக்குச் சோதனையின் விளைவையும், மண்ணின் உப்பளவையும், சோதித்த நாளையும் குறிக்கும் பதிவேடு ஒன்றை ஊராட்சியில் வைத்தல் வேண்டும். நாலைந்து பூக்களின் குறிப்பு சேர்ந்தபின், எந்த மடைக்குக் கீழ் எது தொல்லை என்பது ஊராருக்கே தெளிவாகிவிடும்.

சோதனை முடிந்ததும் இலைத் துண்டுகளை எரித்து, கண்ணாடித் தகடுகளைச் சலவைத்தூள் கரைத்த நீரில் ஊறவைத்துக் கழுவி, கையையும் சவர்க்காரத்தால் கழுவுதல் வேண்டும். அடுத்த மாதிரி பழைய கிருமியைச் சுமந்திருத்தல் ஆகாது. கன்னிப்பூ நடவு முடிந்து பயிர் தூர் கட்டும் நாட்களுக்குள் கடியப்பட்டணத்தையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் சேர்ந்த சிலருக்கேனும் இம்முறை பயிற்றுவிக்கப்படுமாயின், வரும் மழைக்காலத்தில் கருகும் முதல் இலை எதனாற் கருகியது என்பதை அவ்வூரிலேயே, அன்றைக்கே, சான்றோடு சொல்லிவிடலாம்.